சுருட்டைத் தலைக்கு ஒலிவ் எண்ணெய்: எது பிழை, எங்கே திருத்துவது

ஒலிவ் எண்ணெய்ப் போத்தல் இப்போது வன்னி வீடுகளில் அபூர்வமான பொருள் இல்லை. கனடாவிலிருந்து வரும் பார்சலில் ஒன்று கிடக்கும். இல்லாவிட்டால் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ பார்மசியில் சின்னப் போத்தல் வாங்கலாம், விலைதான் கையைக் கடிக்கும். அவ்வளவு காசு கொடுத்து வாங்கித் தலையில் வைத்தும் முடி காய்ந்தே கிடந்தால் எண்ணெயில்தான் கோபம் வரும். ஆனால் பெரும்பாலும் பிழை எண்ணெயில் இல்லை. வைக்கும் அளவில், கழுவும் விதத்தில், எல்லாவற்றையும் விடக் கிணற்றுத் தண்ணீரில் இருக்கிறது.

உங்கள் தலையில் தெரிகிற குறியைக் கீழே தேடி அந்தப் பகுதியை மட்டும் வாசிக்கலாம். அடுத்து வரும் இரண்டு பந்திகளை மட்டும் எல்லோரும் பார்த்துவிட்டுப் போங்கள்.

முதலில் சரியான முறை

தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நேர்முடியில் வழுக்கி நுனிவரை இறங்கிவிடும். சுருட்டையில் ஒவ்வொரு வளைவிலும் தங்கி நின்றுவிடும், நுனிக்கு ஒன்றும் வந்து சேராது. அதனால்தான் தலைத்தோல் பிசுபிசுக்க, நுனி மட்டும் காய்ந்து கிடக்கிறது. ஒலிவ் எண்ணெயில் 55 முதல் 83 வீதம் வரை ஒலெயிக் அமிலம். தண்ணீர் துளியும் இல்லை. ஆகவே அது முடிக்கு ஈரம் கொடுக்காது, ஏற்கெனவே இருக்கிற ஈரம் சீக்கிரம் போகாமல் தடுக்கும், முடியோடு முடி உரசுவதைக் குறைக்கும். உலர்ந்து கிடக்கிற முடியில் எண்ணெயை ஊற்றினால் காய்ந்த முடிக்கு மேல் எண்ணெய்ப் பூச்சு மட்டும்தான் கிடைக்கும்.

சரி, செய்முறை. முழுகுவதற்கு அரை மணித்தியாலம், மிஞ்சினால் ஒரு மணித்தியாலம் முன்பு, முடியில் தண்ணீர் தெளித்து இலேசாக ஈரமாக்குங்கள், சொட்டக் கூடாது. தோள்வரை முடிக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், இடுப்புவரை இறங்கும் அடர்த்தியான முடிக்கு இரண்டு. எண்ணெயை நேராக அடுப்பில் வைக்க வேண்டாம், சின்னக் கோப்பையில் விட்டுச் சுடுதண்ணீருக்குள் வைத்தால் போதும். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு நுனியில் தொடங்கிக் காது மட்டம்வரை மேலே வாருங்கள். தலைத்தோலுக்குத் தேய்க்க வேண்டியதில்லை. விரலால் சிக்கெடுத்து, அகலப் பல் சீப்பால் ஒருமுறை இழுத்து, தளர்வாகக் கொண்டை போட்டுவிடுங்கள். கிழமைக்கு ஒரு தடவை போதும். இரவு முழுக்க வைத்தால் பலன் கூடும் என்பது வெறும் நம்பிக்கை, தலையணை உறைதான் நாசமாகும்.

குறி: கழுவிக் காய்ந்த பிறகு தும்பு போல, முன்னையைவிட மோசம்

வன்னியில் அதிகம் கேட்கிற முறைப்பாடு இதுதான். அதனால் இதைக் கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம்.

முதல் சந்தேகம் தண்ணீர் மேல். வடக்கிலும் மேற்கிலும் நிலத்துக்கடியில் சுண்ணக்கல், வவுனியாப் பக்கம் போனால் கரும்பாறை. எங்கே தோண்டினாலும் பெரும்பாலான கிணறுகளிலும் குழாய்க் கிணறுகளிலும் வருவது கல்சியமும் மக்னீசியமும் கரைந்த வன்தண்ணீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகக் கல் பிடிக்கிறதா? அப்போ உங்கள் தலையிலும் அதே தண்ணீர்தான் விழுகிறது.

உறுதிப்படுத்த ஒரு சோதனை. இரண்டு வெறும் போத்தல்களை எடுங்கள். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் மழைத்தண்ணீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர் (இயந்திரத்தில் வடிகட்டி உப்பு நீக்கியது), அரைவாசிக்கு விடுங்கள். சவர்க்காரக் கட்டியைக் கத்தியால் சீவி, ஒரே அளவு சீவலை இரண்டிலும் போட்டு மூடிக் குலுக்குங்கள். (ஷாம்பூ போட்டுப் பார்த்தால் வித்தியாசம் பிடிபடாது, அதன் நுரைப்பொருள் வேறு வகை.) மழைத்தண்ணீரில் நுரை பொங்கி நிற்கும். கிணற்றுத் தண்ணீரில் நுரை சட்டென்று அடங்கி, தண்ணீர் கலங்கி, வெள்ளைத் துணுக்குகள் மேலே மிதந்து போத்தலின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்தத் துணுக்கை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள், மெழுகுத்தன்மையாக, கழுவினாலும் போகாமல் இருக்கும். எண்ணெய் வைத்த தலையைச் சவர்க்காரத்தால் தேய்த்துக் கிணற்றடியில் ஊற்றும்போது முடியில் படிவது அதே பொருள்தான். எண்ணெய் போன இடத்தில் சுண்ணாம்புப் படிவு வந்து உட்கார்ந்தால் முடி எப்படி மென்மையாகும்?

திருத்தம் இப்படி. தலைக்குச் சவர்க்காரம் போடுவதை நிறுத்துங்கள். குளிக்கிற சவர்க்காரமும் சரி, உடுப்புத் தோய்க்கிறதும் சரி, இரண்டும் வேண்டாம். ஷாம்பூ போட்டு வழக்கம்போல் கிணற்றுத் தண்ணீரில் அலசிவிட்டு, கடைசி ஊற்றலை மட்டும் மென்தண்ணீரில் செய்யுங்கள். சிறுநீரக நோய்ப் பயத்தால் ஊருக்கு ஊர் ஆர்.ஓ. தண்ணீர் வந்திருக்கிறது, அதில் ஒன்றரை லீற்றர் போதும். மாரியில் தகரக் கூரையால் வடிகிற மழைத்தண்ணீர் சும்மாவே கிடைக்கிறது, முதல் மழையை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்தால் தூசியும் இராது. இரண்டும் இல்லையென்றால் கிணற்றுத் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் படிந்ததைக் கலக்காமல் மேல் தண்ணீரை எடுக்கலாம். வன்மையில் ஒரு பங்கு இப்படிக் குறையும், முழுக்கப் போகாது.

ஏற்கெனவே படிந்து கிடப்பதற்கு வினாகிரி. ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி, கண்ணில் படாமல் முடியில் ஊற்றி ஓரிரு நிமிடம் விட்டு அலசுங்கள். தேசிக்காய்ப் புளியும் இதையே செய்யும், ஆனால் எனக்கு அது பிடிப்பதில்லை. தோலில் தேசிப்புளி பட்டு அதோடு வெயிலில் நின்றால் சுட்டது போல் கொப்புளித்துக் கருமையாகத் தழும்பு விழும். நெற்றியிலும் கழுத்திலும் வழிந்ததைக் கழுவாமல் வயலுக்குப் போகிறவர்களுக்கு இது சரிவராது.

குளத்தில் முழுகுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் எல்லாவற்றிலும் தேங்குவது மேலோடி வந்த மழைத்தண்ணீர், பொதுவாகக் கிணற்றைவிட மென்மை. குளத்தடி ஆட்களின் தலை பளபளப்பாக இருப்பதற்கு அவர்கள் வைக்கும் எண்ணெய்க்கு மட்டும் பெயர் கொடுக்க வேண்டாம்.

தண்ணீரில் பிழை இல்லையென்றால் போத்தலைத் திருப்பி லேபலைப் பாருங்கள். முன்பக்கம் ஒலிவ் காயின் படம் பெரிதாக இருக்கும், பின்பக்கம் முதல் பெயராக மினரல் ஒயில் அல்லது லிக்குவிட் பரஃபின் என்று இருக்கும், ஒலிவ் கடைசி வரியில் வாசனையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அது கெடுதல் இல்லை, முடிக்கு வழுவழுப்பும் தரும். ஆனால் உள்ளே இறங்காது, ஒலிவ் எண்ணெயின் விலையும் அதற்குப் பெறாது. சமையலுக்கு விற்கிற எக்ஸ்ட்ரா வேர்ஜின் ஒலிவ் எண்ணெய் தலைக்கும் தாராளமாகப் போதும்.

குறி: எத்தனை தரம் கழுவினாலும் பிசுக்குப் போகவில்லை

அளவு கூடிவிட்டது, வேறொன்றுமில்லை. எண்ணெய்த் தலையில் முதலில் தண்ணீரை ஊற்றி அப்புறம் ஷாம்பூ போடுவது இதை இன்னும் சிக்கலாக்கும். எண்ணெய் தண்ணீரைத் தள்ளும், ஷாம்பூ மேலே மேலே ஓடிவிடும்.

வரிசையை மாற்றுங்கள். தண்ணீர் ஊற்றாத எண்ணெய் முடியில் கண்டிஷனரைத் தடவி இரண்டு மூன்று நிமிடம் பிசையுங்கள், எண்ணெயும் அதுவும் ஒன்றாகி வெண்மையாகும். பிறகு கொஞ்சம் தண்ணீர், அப்புறம் ஷாம்பூ, அதுவும் தலைத்தோலுக்கு மட்டும். நுரை வழிந்து இறங்குவதே நுனிக்குப் போதும். கண்டிஷனர் வாங்க வசதியில்லையென்றால் கோப்பையில் ஷாம்பூவை மூன்று பங்கு தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள், இரண்டாம் தரத்தோடு பிசுக்கு விட்டுவிடும். சீயாக்காயும் வேலை செய்யும், ஆனால் காய்ந்த சுருட்டையில் அதன் தூள் சிக்கிக்கொண்டால் எடுப்பது பெரிய பாடு. வடித்த தண்ணீரை மட்டும் பாவியுங்கள்.

குறி: சுருள் தொய்ந்து, தலை ஒட்டிப்போய்விட்டது

உங்கள் சுருட்டை மெல்லிய இழை வகை. அதற்கு ஒலிவ் எண்ணெய் பாரம். ஒரு தேக்கரண்டி மட்டும், கடைசி நான்கு விரல் நீளத்துக்கு மட்டும், முழுகுவதற்கு முன் மட்டும். முழுகிய பிறகு பூசவே வேண்டாம். தடித்த இழைக்காரர் முழுகிய ஈரத்தோடு மூன்று நான்கு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து நுனியில் பொத்தலாம்.

முடியைத் தண்ணீர்க் கிளாசில் போட்டு மிதக்கிறதா தாழ்கிறதா என்று பார்த்து முடியின் வகை சொல்லும் சோதனையை நம்பிக் குழம்ப வேண்டாம். முடியில் எண்ணெய்ப்பசை இருந்தாலே மிதக்கும்.

குறி: தலை அரிக்கிறது, செதில் கூடிவிட்டது

இங்கே எண்ணெய்க்கே ஒரு பங்கு குற்றம் உண்டு. எல்லோருடைய தலைத்தோலிலும் மலசீசியா என்ற பூஞ்சணம் வாழ்கிறது. அது கொழுப்பைத் தின்று வளரும், அந்த வேலையில் ஒலெயிக் அமிலத்தை விட்டுச்செல்லும். பொடுகு வரும் தன்மை உள்ளவர்களின் தோலைச் செதிலாக உரிக்கவைப்பதே அந்த ஒலெயிக் அமிலம்தான். ஒலிவ் எண்ணெயைத் தலைத்தோலில் தேய்த்தால் அதே பொருளைக் கையால் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

"பொடுகு வந்தது தலை காய்ந்ததால், எண்ணெய் வை பிள்ளை" என்று அம்மம்மா சொல்வா. காய்ந்து உதிர்கிற வெள்ளைச் செதிலுக்கு அது சரியாக இருக்கலாம். மஞ்சள் பிடித்து, நெய்த்து, மூக்கோரத்திலும் புருவத்திலும் சேர்ந்து வருகிற செதிலுக்கு அது தலைகீழ் வைத்தியம். எண்ணெயைத் தலைத்தோலிலிருந்து நிறுத்தி, கீட்டோகொனசோல் 2 வீத ஷாம்பூவை பார்மசியில் கேட்டு வாங்குங்கள். கிழமைக்கு இரண்டு தரம், ஒவ்வொரு தரமும் மூன்று முதல் ஐந்து நிமிடம் தலைத்தோலில் நிற்கவிட்டுக் கழுவ வேண்டும். இரண்டு முதல் நான்கு கிழமை வரை தொடருங்கள். அந்த ஷாம்பூ சுருட்டையை நன்றாகவே காயவைக்கும், ஆகவே நுனிக்கு மட்டும் ஒலிவ் எண்ணெயை முன்பே பூசிக்கொள்ளலாம்.

வட்டமாக முடி விழுந்த இடம், சீழ், தடித்த வெள்ளிச் செதில், பிள்ளையின் தலையில் மேலே மேலே பரவும் புண் என்றால் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம், வைத்தியரிடம் காட்டுங்கள். கைக்குழந்தையின் உச்சிச் செதிலுக்கு ஒலிவ் எண்ணெய் தேய்ப்பதையும் விடுங்கள், பிஞ்சுத் தோலின் காப்பை அது பலவீனப்படுத்தும்.

குறி: சீப்பு நிறைய முடி வருகிறது

பயப்படுவதற்கு முன் விழுந்த முடியில் பத்துப் பதினைந்தை எடுத்து வெள்ளைத்தாளில் வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. குமிழ் இல்லாமல் நீளம் குறைந்த துண்டுகளாக இருந்தால் அது முறிந்தது. இரண்டுக்கும் மருந்து வேறு.

வேரோடு உதிர்வது நாளுக்கு 50 முதல் 100 வரை எல்லோருக்கும் உண்டு. சுருட்டையில் உதிர்ந்த முடி கீழே விழாமல் சுருளுக்குள்ளேயே சிக்கி நிற்கும், கிழமைக்கு ஒருநாள் முழுகும்போது மொத்தமாகக் கையோடு வரும். பார்க்கப் பயங்கரம்தான், கணக்கில் பிழை இல்லை. அதற்கும் மேலே கொட்டினால் இரண்டு மூன்று மாதம் பின்னே யோசியுங்கள். டெங்குக் காய்ச்சல் வந்ததா, பிள்ளை பெற்றீர்களா, சாப்பாடு குறைந்ததா? உடம்பு பட்ட அடி தலைமுடியில் அவ்வளவு காலம் கழித்துத்தான் தெரியும், பெரும்பாலும் தானாகவே நிற்கும். மாதவிடாய் அதிகமாகப் போகிறவர்கள் இரும்புச்சத்துக்கு இரத்தம் சோதித்துப் பாருங்கள். எந்த எண்ணெயாலும் இதைத் திருத்த முடியாது.

முறிந்த துண்டு என்றால் அது நாம் முடியை நடத்தும் விதம். ஈரமுடி இழுபடும், இழுத்தால் அறும். விடிய ஆறு மணிக்குப் பள்ளிக்கூட அவசரத்தில், ஈரமும் எண்ணெயுமாகக் கிடக்கிற சுருட்டையைப் பிள்ளை கண்ணில் தண்ணீர் வர இழுத்து இரட்டைப் பின்னல் போட்டு மடித்து ரிபன் கட்டுகிறோம். எண்ணெய் வழுக்குவதால் இறுக்கமாகப் பின்னினால்தான் நிற்கும் என்று இன்னும் இழுப்போம். காதோரத்திலும் நெற்றிக் கரையிலும் குட்டை முடியாக எழும்பி, மெல்ல மெல்ல நெற்றி ஏறிக்கொண்டு போவது இதன் விளைவு. வருடக்கணக்கில் இழுத்தால் அந்த இடத்தில் முடி திரும்பி முளைக்காமலே போகலாம். முதல்நாள் பின்னேரம் முழுகவைத்துக் காயவிட்டு, விடிய இரண்டு சொட்டு மட்டும் தொட்டு, புருவம் இழுபடாத அளவுக்குத் தளர்த்திப் பின்னுங்கள். வகுப்பு முடிவதற்குள் கொஞ்சம் கலையும், கலையட்டும்.

சிக்கெடுப்பது எண்ணெயோடு, நுனியிலிருந்து மேலே. துவாயால் உரசித் துடைக்காமல் பழைய ரீ சேட்டால் அழுத்தி எடுங்கள்.

குறி: தலையில் ஒரு காறல் மணம்

மூடியைத் திறந்து மணந்து பாருங்கள். நல்ல ஒலிவ் எண்ணெயில் பச்சை இலை மணமும், சுவைத்தால் தொண்டையில் ஒரு காரமும் இருக்கும். கெட்டதில் பழைய கச்சான் மணக்கும். வெளிச்சமும் சூடும் காற்றும் எண்ணெயைக் காறவைக்கும், தகரக் கூரைக்குக் கீழே யன்னல் தட்டில் நிற்கும் கண்ணாடிப் போத்தலுக்கு மூன்றும் கிடைக்கிறது. கறுத்த போத்தலில், தரையோடு ஒட்டிய இருட்டு மூலையில் வையுங்கள், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் என்றால் நல்லது. திறந்ததைச் சில மாதத்துக்குள் முடியுங்கள். காறினதைத் தலையில் வைக்க வேண்டாம், கதவுக் கீலுக்கு விடலாம்.

எண்ணெய் நல்லது, மணம் மட்டும் மாரியில் வருகிறது என்றால் ஈரத்தோடு கொண்டை போடுகிறீர்கள். விரித்துக் காயவிடுங்கள்.

குறி: நெற்றியிலும் காதோரத்திலும் பரு

எண்ணெய் வழிகிற பாதையில்தான் வரும். தலைத்தோலைத் தொடாமல் வையுங்கள், முழுகியதும் நெற்றியைத் தனியாகக் கழுவுங்கள், தலையணை உறையை மாற்றுங்கள். சில கிழமையில் அடங்கும்.

குறி: காலையில் வைத்த எண்ணெய் பின்னேரம் செம்புழுதியாக வருகிறது

சோளகம் அடிக்கிற மாதங்களில் மல்லாவி, ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிரவல் வீதியில் மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு இது புதிதல்ல. எண்ணெய்த் தலையோடு வெளியே போவதுதான் பிழை. ஒலிவ் எண்ணெய் வைத்துக் கழுவுகிற எண்ணெய், பூசிக்கொண்டு திரிகிற எண்ணெய் இல்லை. வெளிக்கிட வேண்டுமென்றால் பருத்தித் துணியால் முடியைச் சுற்றி அதற்கு மேல் ஹெல்மெட் போடுங்கள். துணியைத் தினமும் தோயுங்கள்.

குறி: வாடைக் காலத்தில் முடி பம்மென்று எழும்புகிறது

காற்றில் ஈரம் கூடும்போது காய்ந்த முடி அதை உறிஞ்சி வீங்கும். மழை நாட்களில் முழுகிய ஈரத்தோடேயே இரண்டு சொட்டு எண்ணெய் தொட்டு, காயும்வரை கையே வைக்காமல் விடுங்கள். காய்ந்த சுருட்டையைச் சீவினால் எழும்பத்தான் செய்யும். இதை அடக்க எண்ணெய் பூசிவிட்டு மேலே ஸ்ட்ரெய்ட்னர் பிடிப்பது வேண்டவே வேண்டாம், அந்தத் தகட்டின் சூடு 200 பாகை செல்சியஸைத் தொடும்.

குறி: பேனுக்கு வைத்தோம், போகவில்லை

எண்ணெய் பேனை மந்தமாக்கும், ஈரைக் கொல்லாது. ஏழு முதல் பத்து நாளில் ஈர் பொரித்துத் திரும்பப் பேன் வரும். முழுகிய தலையில் எண்ணெயோ கண்டிஷனரோ தாராளமாகப் பூசி, பேன்சீப்பால் வேரிலிருந்து நுனிவரை பகுதி பகுதியாக இழுங்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருதரம், இரண்டு கிழமைக்கு. வீட்டில் எல்லோர் தலையையும் ஒரே நாளில் பாருங்கள்.

குறி: எல்லாம் செய்தும் ஒரு வித்தியாசமும் இல்லை

அப்போ தேங்காயெண்ணெய்க்கு மாறுங்கள். அதில் ஏறக்குறைய பாதி லோரிக் அமிலம், சின்ன மூலக்கூறு, முடிக்குள்ளே நன்றாக இறங்கும். கழுவும்போது முடியிலிருந்து புரதம் போவதை அது குறைக்கிறது என்று 2003 இல் வெளியான ஆய்வு காட்டியது, அதில் சூரியகாந்தி எண்ணெயும் மினரல் எண்ணெயும் அந்த வேலையைச் செய்யவில்லை. சாயம் போட்ட முடிக்கும், மருந்து போட்டு நேராக்கிய முடிக்கும் என் தெரிவு தேங்காயெண்ணெய்தான். தடித்த, இறுக்கமான சுருட்டைக்கு மேலே ஒரு பூச்சு வேண்டுமென்றால் ஒலிவ் வெல்லும். இரண்டையும் சரிபாதியாகக் கலந்தும் வைக்கலாம். வாங்கிய போத்தல் சமையல் வகை என்றால் மிச்சத்தைக் குசினிக்குக் கொடுத்துவிடுங்கள்.